சுருதி இறங்காத சபை

ஃபிராங்க்ளின் ஞாயிறு ஆராதனைக்குச் சரியான நேரத்தில் வர ஆரம்பித்தபோதே எங்களுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பத்தொன்பது வருஷமாக அந்த மனிதர் முதல் மணிக்கு மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே டீக்கடைக்குப் போய்விடுவார். பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பை நகரும் சமயம் பார்த்துத்தான் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். அப்படிப்பட்டவர் ஜூன் மாதத்து முதல் ஞாயிறு, பாதிரியார் அங்கி மாட்டுவதற்கு முன்பே உள்ளே இருந்தார். அதுவும் நடு பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில். பாட்டுப் புத்தகத்தின்மேல் போன் மல்லாந்து கிடந்தது. பாட்டு ஆரம்பிக்கும்போது ஒரு தடவை அதைப் பார்த்தார், முடியும்போது ஒரு தடவை பார்த்தார், மடியிலிருந்த சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். வாயை மட்டும் திறக்கவில்லை.

மனந்திரும்பியவன் பாடுவான், குறிப்பெழுத மாட்டான் என்று பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் மரகதம் அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

காக்ஸ் டவுனில் ஒருவன் நோட்டும் கையுமாகச் சர்ச்சுக்கு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நவம்பரில் கமிட்டி எலெக்‌ஷன். யாரோ யார்மேலோ பிஷப்புக்குப் புகார் தயார் செய்கிறார்கள். ஆகையால் ஆளாளுக்கு அவரவர் செய்தது ஞாபகம் வந்தது. ஸ்டோர் ரூம் சாவியை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தவர் மறுநாளே கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். பிரசங்கத்தின்போது கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறவர்கள் போனைப் பைக்குள் போட்டார்கள். ஃபிராங்க்ளின் பத்து ஞாயிறு இப்படி வந்தார். அந்தப் பத்து ஞாயிறும் எங்கள் சபை மாதிரி பக்தியுள்ள சபை பெங்களூரில் எங்கும் இருந்திருக்காது.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரமும் ஏழடிச் சந்தும்தான். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொள்ளும் பழக்கமும் இல்லை. ஃபிராங்க்ளின் பீன்யாவில் வால்வு செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். காலை ஆறரைக்குப் பஸ், பிறகு மெட்ரோ, போய்ச் சேர எட்டு. அங்கே ஒரு நாளைக்கு நானூறு பீஸை அளந்து பார்த்து, சரியானது, திரும்பச் செய்ய வேண்டியது, தள்ளிவிட வேண்டியது என்று மூன்று பெட்டிகளில் போடுவது வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்தனுப்பிய கேக்கில் ஒரு பக்கம் உயரம் குறைவு என்று சொல்லி அனுப்பியவர் அவர்.

அவர் மனைவி சோஃபியா, ஸ்கூல் ஒன்றில் பாட்டு டீச்சர். எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். வெள்ளைக்காரன் காலத்து ஆர்கன் எலி கடித்து எப்போதோ மூச்சை விட்டுவிட்டது. அந்த மரக்கூட்டுக்குள் ஒரு எலெக்ட்ரானிக் கீபோர்டை வைத்திருக்கிறார்கள், நாங்கள் இன்னும் ஆர்கன் என்றே சொல்கிறோம். அது சுவரைப் பார்த்து இருப்பதால், சபையில் எல்லோருக்கும் சோஃபியாவைத் தெரியும் என்றால், முதுகைத் தெரியும் என்று அர்த்தம். மார்க்கெட்டில் எதிரே வந்தால் பாதிப் பேர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

சபையின் பெருமை உத்தமன் மாஸ்டர். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். எழுபத்திரண்டு வயது. முப்பத்தோரு வருஷமாகப் பாடகர் குழு அவர் கையில். எங்களைப் பற்றி மற்றச் சபைகளில் ஒரு பேர் உண்டு: சுருதி இறங்காத சபை. பெரிய கூட்டம் பாடினால் பாட்டு நடக்க நடக்கச் சுருதி கீழே சரியும், அது மனுஷ இயல்பு. ஐந்து கட்டையில் ஆரம்பித்த பாட்டு நாலு கட்டையில் வந்து நிற்கும். எங்களிடம் அது நடக்காது. ஐந்து சரணமும் முடிந்ததும் மாஸ்டர் ஆர்கன் பக்கம் ஒரு விரலை உயர்த்துவார். சோஃபியா கடைசி ஸ்வரத்தை அழுத்துவாள். எங்கள் குரல் அதன்மேல் போய் மூடி போட்டதுபோல உட்காரும். மாஸ்டர் எங்களை ஒரு பார்வை பார்ப்பார். ஒரே ஒரு தடவை, பிஷப்பின்கீழ் உள்ள சபைகளெல்லாம் கூடிய டயோசிஸ் போட்டியில், வாத்தியம் இல்லாமல் பாடச் சொன்னார்கள். கடைசி இடம் வந்தோம். ஹாலில் ஃபேன் சத்தம் என்று மாஸ்டர் கண்டித்து லெட்டர் எழுதினார். நாங்களும் ஃபேனைத்தான் திட்டினோம்.

இந்தச் சோஃபியாவுக்கு ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது தெருவுக்கே தெரியும். டெக்ஸாஸில் உள்ள தமிழ்ச் சபைகள் பன்னிரண்டு சேர்ந்து, மூன்று வருஷத்துக்கு இசை இயக்குநராக வா என்று கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் ஆராதனையை நேரலையில் பார்த்த யாரோ ஒருவர், பாடகர் குழுவை விட்டுவிட்டு ஆர்கன்காரியைக் கேட்டாராம். அதிலேயே எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு.

விசா வேலையை ஹரிஷ்குமார் என்ற கன்சல்டன்ட் பார்த்தார். தேய்க்காத சட்டையை அவர் போட்டு நான் பார்த்ததில்லை. அவர் வராந்தாவில் உட்கார்ந்து விளக்கியது எனக்கும் விளங்கியது. சாதாரணமாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விசா, அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு வேறு ஒன்று. இவளுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஆனால் அந்தத் திறமை இருப்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். பரிசு, பத்திரிகைச் செய்தி, பெரிய இடத்தில் முதன்மையாக வாசித்ததற்குச் சான்று, துறையில் பேர் உள்ளவர்களின் கடிதம். சோஃபியாவிடம் காலேஜில் வாங்கிய ஒரு கப் இருந்தது. சபைப் பத்திரிகையில் வந்த ஒரு போட்டோ இருந்தது, அதிலும் முதுகுதான். மரகதம் அக்கா இதைக் கேட்டுவிட்டு, அசாதாரணம் என்றால் நம்மைவிடக் கொஞ்சம் அதிகச் சாதாரணமா என்று கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள்.

கடிதத்துக்கு மாஸ்டரிடம் போனார்கள். அவர் தமிழில் இரண்டு பக்கம் மனதார எழுதிக்கொடுத்தார். சோஃபியா அடக்கமானவர், பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட ஆர்கன் தனியாகக் காதில் விழுந்ததில்லை, நாங்கள் எந்தக் கட்டையில் பாடினாலும் அந்தக் கட்டையில் வாசிப்பார் என்று. பக்கவாத்தியம் வாசிப்பவர்களுக்கு எங்களிடம் இதைவிடப் பெரிய புகழ்ச்சி இல்லை. ஹரிஷ்குமார் ஆபீஸில் இதை இங்கிலீஷில் பெயர்த்தவனுக்குக் கட்டை என்றால் விறகுக்கட்டைதான் தெரியும். சபையார் எந்த மரத்தின்மேல் நின்று பாடினாலும் அதே மரத்தின்மேல் இருந்து வாசிப்பார் என்று எழுதி அனுப்பிவிட்டான்.

மே மாதக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து கேள்வி வந்தது. இந்த மரம் என்ன மரம் என்று கேட்டிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. வாசிப்பது தனியாகக் கேட்டதே இல்லை என்றால், அதில் அசாதாரணம் எது, அதை யார் சோதித்துப் பார்த்தது என்றும் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் பதில் போகவேண்டும். போகாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. டெக்ஸாஸ்காரர்கள் மணிலாவில் ஒருவரைத் தயாராக வைத்திருந்தார்கள்.

இந்தக் கேள்வி வந்ததை மட்டும் புருஷனும் பெண்சாதியும் வெளியே விடவில்லை. அமெரிக்கா விஷயம் தானே ஆறிப்போயிற்று என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் ஃபிராங்க்ளினின் நோட்டு எங்களுக்கு எலெக்‌ஷன் நோட்டாகத் தெரிந்தது.

*

ஆகஸ்ட் பதினைந்து சனிக்கிழமை. காலையிலிருந்தே நனைவதா வேண்டாமா என்று கேட்கிற தூறல். மரகதம் அக்கா ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில், மெஷினில் சிக்கியிருந்த ஒரு தாளைக் கடைக்காரன் உருவிப் போட்டான். அக்கா அதை எடுத்துப் படித்தாள். குடைக்குள் மறைத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

அது வால்வு கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் ஃபாரம். பொருளின் பெயர் என்ற இடத்தில் பாட்டு எண்கள், முதல் வரியில் 212. ஆபரேட்டர் என்ற இடத்தில் உத்தமன். கீழே பத்து ஞாயிறு, ஞாயிறுக்கு நாலு பாட்டு, நாற்பது வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சிவப்பில் ரிஜெக்ட். அடியில் குறிப்பு: டெனார் ஆண்கள், திரும்பச் செய்ய வேண்டியது. சோப்ரானோ பெண்கள், ரிஜெக்ட்.

"சோப்ரானோன்னா யாரு? நான். எனக்குப் பின்னால நிக்கிற நாலு பேரும் வாய அசைக்கிறதோட சரி. என்னத்தான் தூக்கப் பாக்குறான்" என்றாள் அக்கா.

அரைமணி நேரத்தில் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். வெறுங்கையோடு போனால் நன்றாக இராது என்று நான் ஒரு கிண்ணம் ஊறுகாய் எடுத்துக்கொண்டேன். ஃபிராங்க்ளின் லீவு என்பதால் பனியனோடு உட்கார்ந்து டிவியில் கொடியேற்றம் பார்த்துக்கொண்டிருந்தார். சோஃபியா ஞாயிறு சமையலுக்குக் கொத்துக்கறி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். தேங்காய்ச் சோறும் உருண்டைக் குழம்பும் அந்த வீட்டில் தவறாது. எங்களைப் பார்த்ததும் ஃபிராங்க்ளின் சட்டையைத் தேடிப் போட்டார். பொத்தான் ஒன்று மாறிப்போயிருந்தது, அவர் கவனிக்கவில்லை. அப்போதே தெரிந்தது, மடியில் கனம் இருக்கிறது என்று.

அக்கா தாளை டீப்பாய்மேல் வைத்தாள்.

"ஏன் ஃபிராங்க்ளின், நாங்க இன்னா உன் ஃபேக்டரி போல்ட்டா? ரிஜெக்ட்டு பொட்டில போட்டு வெச்சிக்கிறே?"

"அக்கா, நாங்க போல்ட்டு செய்றதில்ல. வால்வு."

"பேச்ச மாத்தாத. எந்த குரூப்புக்கு வேல செய்றே, அத சொல்லு."

"குரூப்பும் இல்ல ஒன்னும் இல்ல. இது வூட்டு விஷயம்."

"எங்க பேர எழுதி சிவப்புல அடிச்சிருக்கே. இது எப்படி உன் வூட்டு விஷயம் ஆவும்?"

மாஸ்டர் தாளை எட்டப் பிடித்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கணக்கு வாத்தியார், எந்தக் கட்டத்தையும் விடவில்லை.

"ஆபரேட்டர்னு என் பேரு போட்டிருக்கே. நான் இன்னாப்பா ஓட்டுறேன்?"

"ஃபாரத்துல அந்தக் கட்டம் இருக்குது மாஸ்டர். காலியா வுட்டா ஆடிட்ல கேப்பாங்க. பழக்க தோஷம், மன்னிச்சிக்கங்க."

"டீவியேஷன்னு போட்டு மைனஸ், மைனஸ், மைனஸ். நாப்பது மைனஸ். இது இன்னா கணக்கு?"

ஃபிராங்க்ளின் சமையலறைப் பக்கம் பார்த்தார். சோஃபியா கையைக் கழுவாமலே வந்து நிலைப்படியில் நின்றாள். கேள்வி வந்ததை, பன்னிரண்டு வாரத்தை, மணிலாக்காரரை எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வியாழக்கிழமைக்குள் காகிதம் போகவேண்டும் என்றாள். மாஸ்டருக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அவர் மைனஸிலேயே நின்றார்.

"இது எங்களுக்கு எதிரா எழுதினது இல்லைன்னு சொல்றே. சரி. அப்போ மைனஸ் எதுக்கு?"

"பாட்டு ஆரம்பிக்கிற எடத்துக்கும் முடியிற எடத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் மாஸ்டர். போன்ல சுருதி காட்டுற ஆப் இருக்குது, அதப் பாத்துதான் இவரு எழுதினாரு" என்றாள் சோஃபியா.

"வித்தியாசம் ஏது? முடிச்ச ஒடனே நீ ஆர்கன்ல புடிப்பே, எங்க குரலோட ஒட்டும். பத்தொம்பது வருஷமா நான் என் காதால கேக்குறேன்."

"ஒட்டும் மாஸ்டர். நீங்க இருக்கற எடத்துக்கு நான் வந்துடுவேன்."

"எந்த எடத்துக்கு?"

அவள் கையிலிருந்த உருண்டையை இன்னும் உருட்டிக்கொண்டே இருந்தாள். அது நெல்லிக்காய் அளவுக்கு இறுகிப்போயிற்று.

"ஒரு சரணம் முடிஞ்சி அடுத்தது எடுக்கறதுக்கு முன்னால நான் சின்னதா வாசிப்பேன் இல்ல. அதுல எறங்கிடுவேன். கீபோர்டுல ஒரு பட்டன் இருக்குது. ஒரு தடவ அமுக்கினா அரைக்கட்டை கீழ போவும். சட்டுனு போனா தெரிஞ்சிடும். அதனால அந்த வாசிப்புலயே கொஞ்சம் கொஞ்சமா மறைச்சி எறக்கி, நீங்க வாய் தெறக்கறப்போ ஒங்க எடத்துல நிப்பேன்."

அடுப்பில் குக்கர் ஒரு விசில் விட்டது. இரண்டாவது விசிலும் வந்தது. மாஸ்டரின் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

மரகதம் அக்காவுக்கு மட்டும் மூளை வேலை செய்துகொண்டிருந்தது.

"ஸ்வல்ப இரு. நீ பட்டன அமுக்கறே. ஆர்கன் கீழ போவுது. ஆர்கன் கீழ போனா நாங்களும் கீழ போறோம். அப்போ எங்கள எறக்கினது நீதான? நீ சும்னே இருந்திருந்தா நாங்க ஏன் எறங்கப்போறோம்?"

பீன்யாவில் இப்படி ஒரு கேள்வியை ஃபிராங்க்ளின் சந்தித்திருக்க மாட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நிமிஷம் அக்கா சொல்வதுதான் சரி என்று பட்டது. தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறார்கள்.

மாஸ்டர் நம்பவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"டயோசிஸ் போட்டியில அந்த ஃபேன்..."

சோஃபியா உருண்டையை மறுபடி உருட்ட ஆரம்பித்தாள்.

"ஃபேன் இல்ல, இல்லையா?"

"ஃபேன் சத்தமும் இருந்துச்சி மாஸ்டர்" என்றாள்.

பிறகு என்ன வேண்டும் என்பதை ஃபிராங்க்ளின்தான் சொன்னார். இந்தத் தாளோடு ஒரு கடிதம் போகவேண்டும். சபை சுருதி இறங்குகிறது, அது வெளியே தெரியாமல் இந்த அம்மா காப்பாற்றுகிறார், இப்படிச் செய்யக்கூடியவர்கள் அபூர்வம், சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று பாடகர் குழுத் தலைவர் கையெழுத்துப் போடவேண்டும். வேறு யார் போட்டாலும் அங்கே செல்லாது என்று ஹரிஷ்குமார் சொல்லிவிட்டார். அவர் பேசப் பேச மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முப்பத்தோரு வருஷம்" என்றார். "அதுல பத்தொம்பது வருஷம் எனக்கு சொந்தமில்லன்னு நானே எழுதி நானே கையெழுத்து போடணும். அப்படித்தான?"

ஃபிராங்க்ளின் அப்போதுதான் பொத்தான் மாறியதைக் கவனித்து அதைச் சரிசெய்தார்.

மாஸ்டர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"நாளைக்கு 212 பாடுவோம். நீ எறங்காத சோஃபியா. நாங்க எந்த பாதாளத்துக்குப் போனாலும் நீ ஆரம்பிச்ச எடத்துலயே நில்லு. நான் காதால கேக்கணும். கேட்டப்புறம் கையெழுத்து பத்தி பேசலாம்."

தூறலில் குடையை விரிக்காமலே போனார். நான் ஊறுகாய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானம் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் பெரிய வாக்குவாதம். ஃபிராங்க்ளினுக்கு மாஸ்டர்மேல் சந்தேகம். இது கண்ணி என்றார். நாளைக்கு ஆர்கனும் பாட்டும் இரண்டாகப் பிரிந்தால் சபை முழுவதும் ஆர்கன்காரி தப்பாக வாசித்தாள் என்றுதான் சொல்லும், மாஸ்டர் அதை வைத்தே கையெழுத்துப் போட மறுப்பார், பிறகு டெக்ஸாஸும் இல்லை, இங்கேயும் பேர் கெடும் என்று அடுக்கினார். இரண்டாவது சரணத்துக்குமேல் வாசிக்காமல் கையை எடுத்துவிடு என்று ஒரு யோசனையும் சொன்னார். சோஃபியா குரல் எழும்பியதே இல்லை, அதனால் அவள் சொன்னதில் பாதிதான் எனக்குக் கிடைத்தது.

"போவணும்னு எனக்கு ஆசை இருக்குதுங்க" என்றாள். "அங்க ஒருத்தர் கேட்டுட்டாரு. இத்தன வருஷத்துல ஒரே ஒருத்தர்."

*

மறுநாள் சர்ச்சில் உட்கார இடமில்லை. ஈஸ்டருக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். விஷயம் எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. நான் ஏழெட்டுப் பேரிடம்தான் சொன்னேன். ஃபிராங்க்ளின் தூணுக்குப் பக்கத்தில் போனை ஒரு குச்சியில் நிறுத்தி ஆர்கன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

212க்குச் சோஃபியா ஐந்து கட்டையில் எடுத்துக்கொடுத்தாள். முதல் சரணத்தை நாங்கள் கூரை பறக்கப் பாடினோம். நாங்கள் இறங்குகிறவர்களா, பார்க்கலாம் என்ற ரோஷம். இடையில் அவள் வழக்கம்போல வாசித்தாள். இரண்டாவது சரணத்தில் சோற்றில் கல் கடிபட்டதுபோல எங்கோ ஒன்று இடறியது. பக்கத்தில் இருப்பவர்தான் காரணம் என்று எல்லோரும் பக்கத்தைப் பார்த்தோம்.

மூன்றாவதில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஆர்கன் ஒரு பாட்டும் நாங்கள் வேறு ஒரு பாட்டுமாக, சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி இருந்தது. இருநூறு பேர் ஒரே சமயத்தில் திரும்பிச் சோஃபியாவைப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருந்தாள். பின்கழுத்து மட்டும் சிவந்துபோயிருந்தது. பட்டன் கெட்டுவிட்டது என்று மரகதம் அக்கா நாலு பெஞ்சுக்குக் கேட்கிற ரகசியத்தில் சொன்னாள். சொன்னவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். டெனார்கள் புத்தகத்தில் ஏதோ தேடினார்கள். பாதிரியார் அங்கியின் நூல் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

நாலாவது சரணம் பாடியது மாஸ்டர் ஒருவர்தான். கையால் தாளம் போட்டபடி நின்றுகொண்டு, எங்களை ஒருவர் முகம் விடாமல் பார்த்தபடி பாடினார். கீழே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏறிப் பிடிக்கப் பார்த்தார். அந்த வயதில் குரல் ஏறவில்லை, நடுங்கி இன்னும் கொஞ்சம் சரிந்தது. ஆர்கன் மேலேயே நின்றது. வேறு ஆளாக இருந்தால் இருமிவிட்டு உட்கார்ந்திருப்பார். மாஸ்டர் நிறுத்தவில்லை. கேட்கவேண்டும் என்று சொன்னவர், கடைசி வார்த்தைவரை கேட்டுக்கொண்டே பாடி முடித்தார்.

அதற்கடுத்த இடைவாசிப்பு கொஞ்சம் நீண்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வழக்கமாக வாசிப்பதுதான் என்று நினைத்தேன். மாஸ்டர் ஐந்தாவது சரணத்துக்கு வாயைத் திறந்தார், ஆர்கன் அவர் குரலுக்கு அடியில் இருந்தது. எப்போது வந்தது, எந்த வழியாக வந்தது, ஒரு காதுக்கும் அகப்படவில்லை. இரண்டு அடி பாடுவதற்குள் ஒவ்வொருவராக நாங்களும் சேர்ந்துகொண்டோம். மரகதம் அக்காவும் சேர்ந்துகொண்டாள். பட்டனை யாரோ சரிசெய்துவிட்டார்கள் என்று அவள் எண்ணம்.

ஆராதனை முடிந்ததும் மாஸ்டரும் சோஃபியாவும் ஃபிராங்க்ளினும் அங்கி அறைக்குப் போனார்கள். எனக்கு அங்கே பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் அடுக்க வேண்டியிருந்தது. அடுக்கியதையே எடுத்து மறுபடி அடுக்கினேன்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரை விரலால் தளர்த்திக்கொண்டார். ஃபிராங்க்ளின் டைப் அடித்த கடிதத்தை எதிரே வைத்தார். பாட்டு எண் 212ல் சபை இறங்கிய அளவு என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு காலியாக இருந்தது.

"எறங்காதன்னு சொன்னேனே" என்றார் மாஸ்டர்.

"சொன்னீங்க மாஸ்டர்."

"நாலு வரைக்கும் நின்னே. அப்புறம் இன்னா ஆச்சி?"

"தனியா பாடிகினு இருந்தீங்க" என்றாள் சோஃபியா.

மாஸ்டர் பேனாவின் மூடியைத் திறந்து, கோட்டுக்குமேல் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எவ்ளோ?"

ஃபிராங்க்ளின் முந்திக்கொண்டார். முடியிழை அளவு கூடினாலும் குறைந்தாலும் பீஸைத் தூக்கிப் பெட்டியில் போடுகிற மனிதர், அன்றைக்கு நான் பார்க்கவே தள்ளுபடி கொடுத்தார்.

"அரைக்கட்டைன்னு போடுங்க மாஸ்டர். அது போதும். அதுக்கு மேல ஒங்கள எழுத சொல்ல எனக்கு மனசு வரல."

மாஸ்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ சொல்லும்மா. எத்தினி தடவ அமுக்கினே?"

சோஃபியா அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு."

கணக்கு வாத்தியாருக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. ஒன்றரைக் கட்டை என்று எழுத்தால் எழுதினார். சந்தேகம் வரக்கூடாது என்று பக்கத்தில் எண்ணாலும் எழுதினார். ஃபிராங்க்ளின் மறுபடி குனிந்து, மாஸ்டர், இது நாலு பேர் படிக்கிற காகிதம், யோசித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார்.

"அட போப்பா" என்றார் மாஸ்டர். "அரைக்கட்டைக்கு எவன் விசா குடுப்பான்?"

கையெழுத்தைப் போட்டார்.